கையெழுத்தான கூலிப் பட்டியல்: லியோன் பட்டு நெசவாளர்கள் ஏன் ஆயுதம் எடுத்தார்கள்?

1831 நவம்பர் 21, திங்கட்கிழமை காலை. பிரான்சின் லியோன் நகரத்துக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் க்ருவா-ரூஸ் மேட்டில் சில நூறு பட்டு நெசவாளர்கள் வீடு வீடாகப் போய், ஓடிக்கொண்டிருந்த தறிகளை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு நகரத்தை நோக்கிச் சரிவுப் பாதையில் இறங்கினார்கள். பாதையை மறித்து நின்றது, ஊர்க்காரர்களே சேர்ந்த தேசியக் காவல் படையின் ஒரு பிரிவு. அதில் பெரும்பாலும் பட்டு வணிகர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான். அந்தப் பிரிவு சுட்டது. சில நெசவாளர்கள் விழுந்தார்கள். மேட்டுக்குத் திரும்பி ஓடியவர்கள் ஆயுதங்களைத் திரட்டிக்கொண்டு, தெருவை மறித்து அரண் கட்டினார்கள். அடுத்த நாள் இரவு முடிவதற்குள் பிரான்சின் இரண்டாவது பெரிய நகரம் அவர்கள் கையில் இருந்தது.

இதைப் பசிக் கலகம் என்று சொல்லிவிடுவது எளிது. பல பள்ளிப் பாடங்கள் அப்படித்தான் சொல்கின்றன. இயந்திரத்துக்கு எதிரான கலகம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுமே விஷயத்தைத் தவறவிடுகின்றன. அந்த நெசவாளர்கள் கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மாவட்ட ஆட்சியருக்குச் சமமான ப்ரீஃபெக்ட் முன்னிலையில், இரு தரப்புப் பிரதிநிதிகளும் கையெழுத்திட்ட கூலிப் பட்டியல் அது. நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது. அது எப்படிக் காகிதமாகிப் போனது என்பதைப் புரிந்துகொண்டால் நவம்பர் 21 புரியும். அதற்கு முதலில் தறியிலிருந்து தொடங்க வேண்டும்.

தறி யாருடையது, நட்டம் யாருடையது

லியோனின் பட்டுத் தொழிலுக்கு ‘ஃபாப்ரிக்’ என்று பெயர். பெயரைக் கேட்டால் ஆலை என்று தோன்றும். ஆலை ஏதும் கிடையாது. வேலை முழுவதும் வீடுகளில் நடந்தது; ஒரு வீட்டில் இரண்டு முதல் ஆறு தறி வரை. மூன்று அடுக்கு மனிதர்கள் இருந்தார்கள்.

மேலே வணிகர்கள், நூற்றுக்கணக்கில். பிரெஞ்சில் இவர்களை ‘உற்பத்தியாளர்’ என்றே அழைத்தார்கள், ஆனால் இவர்களிடம் ஒரு தறிகூட இல்லை. பட்டு நூலை வாங்குவது, சாயம் போடக் கொடுப்பது, டிசைன் தேர்வு செய்வது, நூலை நெய்யக் கொடுப்பது, துணியைத் திரும்ப வாங்கி விற்பது, இவ்வளவுதான் இவர்கள் வேலை. நடுவில் சுமார் 8,000 தறிக்காரர்கள். தறி, வீடு, விளக்கெண்ணெய், பழுதுபார்ப்பு எல்லாம் இவர்கள் பொறுப்பு. கீழே இவர்கள் தறியில் உட்கார்ந்து நெய்யும் 20,000-க்கும் மேற்பட்ட கூலி நெசவாளர்கள். இவர்களில் பலர் தறிக்காரர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டார்கள். இவர்களைச் சுற்றிப் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் இழை) ஓடுபவர்கள், நூல் சுற்றுபவர்கள், அட்டை துளைப்பவர்கள். அந்த வேலைகளில் பெரும்பகுதியைப் பெண்களும் சிறுவர்களும் செய்தார்கள்.

காஞ்சிபுரம், ஆரணிப் பக்கம் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் ‘மாஸ்டர் வீவர்’ என்றால் நூல் கொடுக்கும் முதலாளி. லியோனில் தலைமை நெசவாளர் என்றால் தறிக்குச் சொந்தக்காரர். தானும் தறியில் உட்காருபவர். அவருக்கு மேலே இன்னொருவர் இருந்தார். இந்த வேறுபாட்டை மறந்தால் யார் யாரோடு சண்டையிட்டார்கள் என்பதே குழம்பிவிடும்.

கூலி துணியின் நீளத்துக்குத்தான். அளவு ‘ஓன்’, சுமார் 1.2 மீட்டர். ஓனுக்கு இவ்வளவு என்று வணிகர் சொன்ன விலையில் பாதி நெய்தவருக்கு, பாதி தறிக்காரருக்கு. இதனால்தான் விலை குறைந்தபோது தறிக்காரரும் கூலியாளும் ஒரே பக்கம் நின்றார்கள். ஓனுக்கு இரண்டு சூ குறைந்தால் இருவருக்கும் ஒவ்வொரு சூ போயிற்று. (20 சூ ஒரு பிராங்க்.)

தறிக்காரரின் பாதியிலிருந்து போகும் செலவுகளில் பெரியது தறி கட்டும் செலவு. ஜோசஃப் மரி ஜக்கார் லியோன்காரர், 1752-இல் பிறந்தவர். துளையிட்ட அட்டைகளால் பாவு இழைகளைத் தூக்கும் அவருடைய கருவி 1804 வாக்கில் உருவானது. நம் பட்டுத் தறிகளின் தலைமேல் இன்று உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியின் மூதாதை அதுதான். அதற்கு முன், காஞ்சிபுரத்து அடை நெசவில் துணையாள் கயிறு இழுத்ததைப் போலவே, லியோனிலும் தறிக்குப் பக்கத்தில் ஒரு சிறுவனோ பெண்ணோ நின்று கயிறுகளை இழுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஜக்கார்டு அந்த ஆளை நீக்கியது. ஆனால் கருவி உயரமானது. அதை நிமிர்த்தி வைக்க ஏறக்குறைய 4 மீட்டர் உயரக் கூரை வேண்டும். க்ருவா-ரூஸ் மேட்டில் அந்த உயரத்துக்கென்றே புதிய வீடுகள் எழுந்தன. நெசவாளர்கள் பழைய நகரத்தை விட்டு அங்கே குடியேறினார்கள். வாடகையும் கருவியின் கடனும் அவர்கள் தலையில்.

ஊடை (குறுக்கிழை) ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. டிசைன் மாறினால் அட்டைக் கோவை மாறும், பாவு மாறும், சில வேளை விழுது (பாவு இழைகளைக் கோத்துத் தூக்கும் கண்ணிகள்) அமைப்பும் மாறும். இதைச் செய்து முடிக்கச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். அந்த நாட்களில் தறி ஓடாது, கூலி வராது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கு. ஓனுக்கு 1.50 பிராங்க், அதில் தறிக்காரர் பங்கு 75 சென்டிம். தறி கட்ட 40 பிராங்க் செலவு என்று வைத்துக்கொள்வோம். வணிகர் 400 ஓன் ஆர்டர் கொடுத்தால் தறிக்காரருக்கு வருவது 300 பிராங்க். கட்டிய செலவு போக 260 நிற்கும். டிசைன் சந்தையில் எடுபடவில்லை என்று 50 ஓனிலேயே நிறுத்தச் சொன்னால் வருவது 37.50. வாடகையும் எண்ணெயும் கணக்கில் சேராமலே நட்டம். ஒரே விலை, ஒரே உழைப்பு. ஆர்டர் எங்கே நின்றது என்பதுதான் லாபத்தையும் நட்டத்தையும் தீர்மானித்தது. அதை முடிவு செய்தவர் வணிகர். மொத்த அமைப்பின் சாரமும் இதுதான் என்று சொல்வேன். பட்டு ஆடம்பரப் பொருள், அதன் தேவை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் நட்டம் முழுவதும் தறி வைத்திருப்பவர் மேல் விழும்படி தொழில் அமைந்திருந்தது. வணிகர் நூல் கொடுப்பதை நிறுத்தினால் அவருக்குப் பூட்ட ஓர் ஆலைகூட இல்லை.

எடையிலும் வம்பு உண்டு. நூலை எடைபோட்டுக் கொடுப்பார்கள், துணியை எடைபோட்டு வாங்குவார்கள். சேதாரத்துக்கு ஓர் அளவு கழித்து, மிச்சம் குறைந்தால் நெசவாளர் கட்ட வேண்டும். ஆனால் பட்டு ஈரம் குடிக்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. ஈர நூலை எடைபோட்டு வாங்கி, உலர்ந்த துணியை எடைபோட்டுக் கொடுத்தால் ஒரு இழைகூடத் திருடாதவர் திருடராகிவிடுவார். நூல் வியாபாரிகளுக்கும் வணிகர்களுக்கும் இடையில் இந்தத் தகராறு வராமலிருக்க, பட்டின் ஈரத்தைச் சமப்படுத்தி எடைபோடும் பொது நிலையம் ஒன்றை 1805-இல் அரசே ஏற்படுத்தியது. தறிக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. வணிகரின் கடைத் தராசுதான். பாவு தொடங்கும்போது தறியில் மாட்டுவதற்கென்று வீணாகும் நூல்துண்டை யார் கணக்கில் எழுதுவது என்பதும் ஆண்டுக்கணக்கில் ஓடிய வழக்கு.

சட்டம் எந்தக் கதவுகளை மூடியிருந்தது

இந்தத் தகராறுகளைத் தீர்க்க ஓர் அமைப்பு இருந்தது. 1806 மார்ச் 18 சட்டப்படி லியோனில் ஏற்பட்ட ‘ப்ரூதொம்’ மன்றம். தொழில் வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமல், செலவில்லாமல், தொழில் தெரிந்தவர்களே விசாரிக்கும் நீதிமன்றம். அந்த வகையில் பிரான்சில் இதுவே முதல். நல்ல யோசனை. ஆனால் தொடக்கத்தில் அதன் 9 உறுப்பினர்களில் 5 பேர் வணிகர்கள், 4 பேர் தறிக்காரர்கள். கூலி நெசவாளருக்கு இடமே கிடையாது. வாக்கெடுப்புக்கு வந்த எந்தக் கேள்வியும் எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற கதவுகளைப் பார்ப்போம். 1789 புரட்சி பழைய கைவினைச் சங்கங்களைக் கலைத்தது. 1791 ஜூன் 14-ஆம் தேதி லெ ஷப்பலியே சட்டம் ஒரே தொழில் செய்பவர்கள் தங்கள் ‘பொது நலனுக்காக’ ஒன்றுகூடுவதைத் தடை செய்தது. தனிமனிதனும் தனிமனிதனும் சுதந்திரமாகப் பேசி விலை முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் தத்துவம். 1810 குற்றவியல் சட்டத் தொகுப்பு இதற்குத் தண்டனை வகுத்தது. கூலியை ‘அநியாயமாகவும் முறைகேடாகவும்’ குறைக்க முதலாளிகள் கூடினால் 6 நாள் முதல் ஒரு மாதம் சிறை, 200 முதல் 3,000 பிராங்க் அபராதம். தொழிலாளர்கள் வேலை நிறுத்தக் கூடினால், காரணம் நியாயமா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல், ஒரு மாதம் முதல் மூன்று மாதம். தலைமை தாங்கியவர்களுக்கு 2 முதல் 5 ஆண்டு. சிவில் சட்டத்தின் 1781-ஆம் பிரிவு இன்னும் வெளிப்படை: கூலி எவ்வளவு, கொடுத்தாயிற்றா என்ற வழக்கில் எஜமானின் வாக்கே நம்பப்படும்.

குற்றவியல் சட்டத் தொகுப்பின் 291-ஆம் பிரிவு 20 பேருக்கு மேல் உள்ள எந்தச் சங்கத்துக்கும் அரசு அனுமதி வேண்டும் என்றது. தறிக்காரர்கள் இதில் நுழைந்து போக ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 1828-இல் பியேர் ஷார்னியே என்ற தறிக்காரரின் முயற்சியால் ‘பரஸ்பரக் கடமைச் சங்கம்’ உருவானது. அவர் புரட்சிக்காரர் அல்ல. மன்னராட்சியை ஆதரித்த தீவிரக் கத்தோலிக்கர். சங்கத்தை 20-க்கும் குறைவான ஆட்கள் கொண்ட சிறு கிளைகளாகப் பிரித்தார்கள். எந்த வணிகர் என்ன விலை கொடுக்கிறார், எங்கே உபரித் தறிக்கருவி இருக்கிறது, யாருக்கு நோய் என்ற செய்திகள் கிளைக்குக் கிளை போயின. சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. இந்தப் பொறுமையான, கணக்குப் பார்த்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், 1831 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் எப்படி ஒரே ஒழுங்கில் நடந்தார்கள் என்பது விளங்கும்.

இதற்கிடையில் 1830 ஜூலை 27 முதல் 29 வரை பாரிசில் மூன்று நாள் புரட்சி. பத்தாம் சார்லஸ் ஓடிப்போனார், லூயி பிலிப் அரசரானார். தெருவில் நின்று சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் கைத்தொழிலாளர்கள். அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டம் நேரடி வரி 200 பிராங்க் கட்டுபவருக்கு மட்டும் வாக்குரிமை கொடுத்தது; 3.2 கோடி மக்களில் வாக்காளர்கள் சுமார் 1,66,000 பேர். 1831 மார்ச் மாதம் வங்கியாளர் காசிமிர் பெரியே பிரதமரானார். அரசியல் புரட்சி முடிந்துவிட்டது என்று அவர் நம்பினார். லியோன் மேட்டில் அதன் பலனுக்காக இன்னும் காத்திருந்தார்கள்.

அக்டோபர் 25

1831 இலையுதிர் காலத்தில் ஆர்டர்கள் திரும்பத் தொடங்கியிருந்தன, குறிப்பாக அமெரிக்காவிலிருந்து. 1820-களின் பிற்பகுதியில் விழுந்த கூலி மட்டும் திரும்பவில்லை. நாளுக்கு 15 மணி நேரத்துக்கு மேல் நெய்து 18 சூ சம்பாதிப்பதாகச் சாதாத் துணி நெய்தவர்கள் சொன்னார்கள். கலகம் எப்போது வருகிறது என்பதற்கு இது முக்கியமான குறிப்பு. வேலையே இல்லாத நாட்களில் தறியை நிறுத்துவேன் என்று மிரட்ட முடியாது. வேலை வந்து, அதன் விலை மட்டும் வராதபோதுதான் பேரம் பேச வலு கிடைக்கிறது.

அக்டோபர் 8-இல் தறிக்காரர்கள் கூடி, ஒவ்வொரு துணி வகைக்கும் குறைந்தபட்ச விலை வகுத்த பட்டியல் கேட்டார்கள். புதிய கோரிக்கை அல்ல. 1789-லும் 1811-லும் இப்படிப் பட்டியல்கள் இருந்திருக்கின்றன. கூலிக்காக 1744-லும் 1786-லும் கலகங்களும் நடந்திருக்கின்றன. ப்ரீஃபெக்ட் பூவியே-துமொலார் கோரிக்கையைக் கேட்டார். வணிகர்களை அழைத்தார். வந்தவர்கள், ‘எங்களை நீங்கள் அழைத்தீர்கள், எங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மற்றவர்கள் சார்பில் பேச அதிகாரம் இல்லை’ என்றார்கள். பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், தரப்புக்கு 22 பேர்.

அக்டோபர் 25-ஆம் தேதி பேச்சுவார்த்தை நடந்தபோது சுமார் 6,000 நெசவாளர்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். வரிசை வரிசையாக, ஆயுதமில்லாமல், கூச்சலில்லாமல் அலுவலகத்தைச் சுற்றி நின்றார்கள். பட்டியல் கையெழுத்தானது. இரவு மேட்டில் விளக்கேற்றி ஆடினார்கள்.

அந்த அமைதியான ஊர்வலம் பின்னால் அவர்களுக்கு எதிராகவே திரும்பியது. வெளியே கூட்டம் நின்றபோது போட்ட கையெழுத்து செல்லாது என்று வணிகர்கள் வாதிட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் 104 வணிகர்கள் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார்கள். சூரிச்சும் ரைன் பகுதியும் இங்கிலாந்தும் மலிவாக நெய்கின்றன, கூலி உயர்ந்தால் சந்தை போய்விடும் என்பது அவர்கள் முதல் வாதம். அதில் ஓரளவு உண்மை இருந்தது. இரண்டாவது வாதம், நெசவாளர்கள் தங்களுக்குச் செயற்கையான தேவைகளை உண்டாக்கிக்கொண்டுவிட்டார்கள் என்பது. மேட்டில் இதைப் படித்தவர்கள் மறக்கவே இல்லை.

ஒப்பந்தம் எங்கே உடைந்தது? மூன்று இடத்தில். முதலாவது, அதை அமல்படுத்தும் வழி. ப்ரூதொம் மன்றம் பட்டியலுக்குக் குறைவாகக் கொடுத்த சில வணிகர்கள் மேல் தீர்ப்பளிக்கத் தொடங்கியது. உடனே பலர் நூல் கொடுப்பதையே நிறுத்தினார்கள். கூலி இவ்வளவு என்று கட்டாயப்படுத்தலாம். வேலை கொடு என்று கட்டாயப்படுத்தப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. இரண்டாவது, பாரிஸ். லெ ஷப்பலியே சட்டத்தின் தத்துவப்படி கூலியில் அரசு அதிகாரி தலையிடக் கூடாது. பட்டியலுக்குச் சட்ட வலு இல்லை என்று அமைச்சரகம் ப்ரீஃபெக்டுக்கு எழுதியது. மூன்றாவது, ப்ரீஃபெக்ட். நவம்பர் 17-இல் அவர் பட்டியலை ‘கௌரவ உடன்பாடு’ என்று சொல்லிவிட்டார். கௌரவம் உள்ளவர் கொடுப்பார், இல்லாதவரை ஒன்றும் செய்ய முடியாது என்று பொருள். அவர் கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை என்றே நினைக்கிறேன். தன்னால் காப்பாற்ற முடியாத வாக்கை ஓர் அரசின் பெயரால் கொடுத்தார், அதுதான் தவறு.

கோரிக்கை, மனு, தேர்தல், பேச்சு, கையெழுத்து, நீதிமன்றம் என்று ஆறு படிகளையும் ஏறிய பிறகு, நான்கு நாளில் நவம்பர் 21 வந்தது.

மூன்று நாட்கள்

அன்று மேட்டில் ஏறிய கறுப்புக் கொடியில் இருந்த வாசகம்: ‘உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்.’ உழைத்து வாழ்வது என்பதுதான் முதல் பாதி. ஆட்சி மாற்றம் பற்றி ஒரு சொல் இல்லை.

படை ஏன் தோற்றது என்பதற்குக் காரணங்கள் நிலத்திலேயே இருக்கின்றன. க்ருவா-ரூஸ் அப்போது லியோனைச் சேராத தனி ஊராட்சி. அதன் தேசியக் காவல் படையில் இருந்தவர்களே தறிக்காரர்கள்தான். இரண்டு பீரங்கிகளோடு அவர்கள் எழுச்சிப் பக்கம் சேர்ந்தார்கள். சரிவுப் பாதைகள் குறுகல், செங்குத்து. இரு பக்கமும் உயரமான வீடுகள், கூரையிலிருந்து ஓடும் கல்லும் விழும். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு வீடுகளின் உள்ளேயே போகும் ‘த்ராபூல்’ என்ற வழிகள் இருந்தன. பட்டுச் சுருள்களை மழையில் நனையாமல் எடுத்துச்செல்லப் பயன்பட்டவை. அவற்றை நன்றாக அறிந்தவர்கள் நெசவாளர்கள். படை ஒரு முனையில் அரணைப் பிடித்தால் பின்னால் இன்னொன்று முளைத்தது. பேச வந்த ப்ரீஃபெக்டையும் தளபதி ஒர்தொனோவையும் மேட்டில் பிடித்து வைத்துப் பிறகு விட்டார்கள். 22-ஆம் தேதி ரோன் ஆற்றின் அக்கரைத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். அன்று நள்ளிரவு கடந்து, தளபதி ரொகே மிச்சப் படையோடு நகரத்தை விட்டு வெளியேறினார்.

இழப்புக் கணக்கு: படைத் தரப்பில் சுமார் 100 பேர் இறந்தார்கள், 263 பேர் காயம், பொதுமக்கள் தரப்பில் 69 பேர் இறந்தார்கள், 140 பேர் காயம்.

பிறகு நடந்ததுதான் ஐரோப்பாவை அதிகம் குழப்பியது. நகரம் கையில் கிடைத்தவர்கள் நாணயச் சாலைக்கும் கருவூலத்துக்கும் காவல் போட்டார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களைத் தண்டித்தார்கள். நகர மண்டபத்தில் சில குடியரசுவாதிகள் தற்காலிக ஆட்சி அறிவிக்கப் பார்த்தபோது தறிக்காரர்கள் கூடவரவில்லை. ப்ரீஃபெக்ட் தன் அலுவலகத்திலேயே இருந்தார். அவர்கள் வென்றது ஒரு கூலிப் பட்டியலுக்காக. நகரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி அரசரின் மூத்த மகனும் போர் அமைச்சர் மார்ஷல் சுல்ட்டும் 20,000 படையினரோடு எதிர்ப்பின்றி நுழைந்தார்கள். பட்டியல் ரத்து, தேசியக் காவல் படை கலைப்பு, ப்ரீஃபெக்ட் திரும்ப அழைப்பு.

டிசம்பர் 8-இல் பாரிசின் ஒரு முக்கிய நாளிதழில் சேன்-மார்க் ழிரார்தென் எழுதினார்: சமூகத்தை அச்சுறுத்தும் காட்டுமிராண்டிகள் காக்கசஸ் மலையிலோ தார்த்தாரியப் புல்வெளியிலோ இல்லை, நம் தொழில் நகரங்களின் புறநகரில் இருக்கிறார்கள். கருவூலத்துக்குக் காவல் நின்றவர்களைப் பற்றிய வரி இது. ஆனால் அதே கட்டுரையில் அவர் ஒவ்வொரு ஆலை முதலாளியையும் அடிமைகள் நடுவே வாழும் காலனித் தோட்டக்காரருக்கு ஒப்பிட்டார். பயந்தவர் நிலைமையைச் சரியாகவே பார்த்திருந்தார்.

1834: இரண்டு தரப்பும் கற்றுக்கொண்டவை

1832-இல் ரியோம் நகரில் நடந்த விசாரணையில் எழுச்சிக்காரர்கள் பெரும்பாலும் விடுதலையானார்கள். அரசு சில சலுகைகளும் கொடுத்தது: ப்ரூதொம் மன்றம் திருத்தப்பட்டது, தறிக்காரர்களுக்கு ஒரு கடன் நிதி வந்தது. ஷார்னியே மன்றத்துக்குத் தேர்வானார். 1831 அக்டோபர் இறுதியில் தொடங்கிய நெசவாளர்களின் வார இதழ் ‘லெக்கோ த லா ஃபாப்ரிக்’ மன்றத்தின் தீர்ப்புகளை வாராவாரம் அச்சிட்டது. எந்த வழக்கில் எந்த வணிகர் தோற்றார் என்று ஊருக்கே தெரிந்தது. ஒரு தீர்ப்பு அடுத்த வழக்குக்கு ஆதாரமானது. ஒரு தொழிலின் வழக்கமும் கணக்கும் இவ்வளவு நுணுக்கமாக, அந்தத் தொழிலைச் செய்தவர்களாலேயே அச்சில் பதிவானது அந்தக் காலத்தில் மிக அரிது.

1834 பிப்ரவரியில் பூம்பட்டு வகைக்கு ஓனுக்கு 25 சென்டிம் குறைக்கப்பட்டது. அந்த வகையை நெய்தவர்கள் சிலர்தான். ஆனால் பரஸ்பரக் கடமைச் சங்கம் எல்லாத் தறிகளையும் நிறுத்த வாக்களித்தது. 14-ஆம் தேதி முதல் சுமார் 20,000 தறிகள் நின்றன. எட்டு நாளில் வேலைநிறுத்தம் சரிந்தது. காரணம் தறியின் பொருளாதாரத்திலேயே இருக்கிறது. நிறுத்திய ஒவ்வொரு நாளும் வாடகை ஓடியது தறிக்காரருக்கு, கூலியாளுக்குச் சோறும் போட வேண்டும். வணிகருக்கோ சரக்கு இருப்பு இருந்தது. பாதிக்கப்படாத வகைகளை நெய்தவர்கள் யாருக்காகப் பட்டினி என்று கேட்கத் தொடங்கினார்கள்.

தலைவர்கள் சிலர் கைதானார்கள். அதே வேளையில் பாராளுமன்றம் 291-ஆம் பிரிவை இறுக்கியது: 20-க்கும் குறைவான கிளைகளாகப் பிரித்தாலும் மொத்தச் சங்கமும் அனுமதி பெற வேண்டும். நெசவாளர்கள் ஆறு ஆண்டாக நம்பி நின்ற சந்து அடைபட்டது. மனித உரிமைச் சங்கத்துக் குடியரசுவாதிகளையும் அது ஒருசேரத் தாக்கியது. 1831-இல் விலகி நின்ற இரு கூட்டங்களையும் சேர்த்து வைத்தது இந்தச் சட்டம்தான். ஏப்ரல் 9-இல் தலைவர்கள் வழக்கு விசாரணைக்கு வந்த அன்று நகரம் வெடித்தது.

இந்த முறை படை தயாராக இருந்தது. சுமார் 10,000 வீரர்கள்; உள்துறை அமைச்சர் அதோல்ஃப் தியேர். சந்துகளுக்குள் நுழையாமல், பாலங்களையும் ஆற்றங்கரைச் சாலைகளையும் சதுக்கங்களையும் பிடித்து நகரத்தைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஒரு பகுதிக்காரருக்கு அடுத்த பகுதியில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. வீட்டுக் கதவுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள், பீரங்கியால் வீடுகளையே சுட்டார்கள். குடியரசுவாதி ஷார்ல் லக்ராஞ்ச் தலைமையில் கொர்தெலியே சதுக்கத்தில் நின்றவர்களில் பலர் 12-ஆம் தேதி அங்கிருந்த தேவாலயத்துக்குள் கொல்லப்பட்டார்கள். ஆறு நாளில் இரு தரப்பிலும் சேர்த்து 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாரிசில் எழுந்த ஆதரவுக் கலகத்தை அடக்கும்போது ட்ரான்ஸ்நொனேன் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்த படையினர் அங்கே இருந்தவர்களைக் கொன்றார்கள். ஓவியர் தோமியே அதைக் கல்லச்சில் வரைந்தார். மே மாதம் ‘லெக்கோ’ நின்றது. ஜக்கார் அந்த ஆகஸ்டில் இறந்தார்.

வணிகர்கள் வேறு பாடம் கற்றார்கள். ஆயிரக்கணக்கான தறிகள் ஒரே மேட்டில் கூடியிருப்பதுதான் ஆபத்து என்று முடிவு செய்து, சாதாத் துணிகளைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே நெசவு பண்ணை வேலைக்கு நடுவே செய்யும் வேலை. கூலி குறைவு, பக்கத்துத் தறிக்கு நடந்துபோய்ச் செய்தி சொல்வதும் கடினம். நுண்ணிய டிசைன்கள் மட்டும் மேட்டிலேயே தங்கின. 1839-இல் ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன.

அரசு கல்லில் பாடம் எழுதியது. லியோனைச் சுற்றிக் கோட்டைகள் எழுந்தன. க்ருவா-ரூசுக்கும் நகரத்துக்கும் நடுவே நின்ற மதிலைப் பலப்படுத்தினார்கள்; வெளியிலிருந்து வரும் எதிரியை மட்டுமல்ல, மேட்டையும் சுட வாகாகப் பீரங்கிகளுக்கு இடம் அமைத்தார்கள். 1852-இல் மேடு லியோனோடு இணைக்கப்பட்டது. 1864 மே மாதச் சட்டம், வன்முறை இல்லாத வேலைநிறுத்தம் குற்றமல்ல என்றது. அடுத்த ஆண்டு அந்த மதிலை இடித்து, அது நின்ற இடத்தில் மரங்கள் வைத்து அகலமான சாலை போட்டார்கள். எஜமானின் வாக்கே சாட்சி என்ற 1781-ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் இன்னும் மூன்று ஆண்டு இருந்தது.